லெஸ்ஸுக்கும் ஃப்யூவருக்கும் சண்டை மூட்டியவர்கள்

ஆங்கில வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை ஒன்று உண்டு. அகராதி எழுதிய நோவா வெப்ஸ்டர் ஒருநாள் வேலைக்காரப் பெண்ணை முத்தமிட்டுக்கொண்டிருந்தாராம். மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். “ஐ ஆம் சர்ப்ரைஸ்ட்!” என்றாராம் அந்த அம்மாள். அகராதிக்காரர் அசரவில்லை. “இல்லை கண்ணே, சர்ப்ரைஸ் ஆனவன் நான். நீ அஸ்டானிஷ்ட்” என்று திருத்தினாராம். சில வகுப்புகளில் வெப்ஸ்டரின் இடத்தில் டாக்டர் ஜான்சன் வருவார். இருவர் வீட்டிலும் இது நடந்ததற்குச் சான்று ஏதும் இல்லை.

கதை கட்டுக்கதை என்பதில் எனக்கு வருத்தமில்லை. சிரிக்க உதவுகிறது, போகட்டும். அது சொல்லித் தரும் பாடமும் கட்டுக்கதை என்பதுதான் வருத்தம். ‘சர்ப்ரைஸ்’ என்ற பிரெஞ்சு வழிச் சொல்லுக்கு மூலத்தில் எதிர்பாராத நேரத்தில் பிடிபடுவது என்று பொருள் இருந்தது உண்மை. ஆனால் வியப்பு, திகைப்பு என்ற பொருளில் ஆங்கிலேயர் அதைப் புழங்கத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆக, அந்த அம்மாள் பேசிய ஆங்கிலத்தில் பிழையே இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் பேச்சை மாற்றுகிறார். நாம் அதைப் புலமை என்று கைதட்டுகிறோம்.

இந்தக் கதைக்குப் பின்னால் நிற்கும் நம்பிக்கையோடுதான் எனக்கு வழக்கு. நெருங்கிய பொருளுடைய எந்த இரண்டு ஆங்கிலச் சொல்லை எடுத்தாலும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது. மதில் எங்கே ஓடுகிறது என்பதை ஒரு வரி இலக்கணமாகச் சொல்லிவிடலாம். அந்த வரியை மனப்பாடம் செய்தவனுக்கு ஆங்கிலம் தெரியும், செய்யாதவனுக்குத் தெரியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையின் நோட்டைப் புரட்டினாலும் இந்த நம்பிக்கை இரண்டு பத்தி அட்டவணையாக உட்கார்ந்திருக்கும். இடப்பக்கம் ‘கன்டின்யுவல்’, வலப்பக்கம் ‘கன்டின்யுவஸ்’. இடப்பக்கம் ‘லெஸ்’, வலப்பக்கம் ‘ஃப்யூவர்’. ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்திலிருந்து தெருமுனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வரை இதுதான் சரக்கு. இந்த அட்டவணையில் பாதி, தனிமனிதர்களின் விருப்பு வெறுப்பு. உண்மையான வேறுபாடுகளில் பெரும்பாலானவையோ அட்டவணைக்குள் வரவே இல்லை.

விருப்பு வெறுப்பு என்று சும்மா சொல்லவில்லை. ஆளைக் காட்ட முடியும். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃப்யூவர்’, அளக்கக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ என்ற விதியைத் தேடிப் போனால் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதிய ஒரு சிறு நூலில் போய் முட்டுகிறோம். அவருமே அதை விதியாகச் சொல்லவில்லை. எனக்கு இது நயமாகவும் சரியாகவும் படுகிறது என்ற தொனியில்தான் சொன்னார். பதினைந்து வயதுக்கு முன்பே பள்ளியை விட்டவர் அவர். ஜான்சனின் பெரிய அகராதிப் பதிப்பைக் கண்ணால் பார்த்ததில்லை என்று தாமே எழுதி வைத்தவர். அந்த நேர்மையை மதிக்கிறேன். அவர் ரசனையாகச் சொன்னதை அடுத்து வந்த இலக்கணக்காரர்கள் சட்டமாக்கினார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் சட்டத்தை மீறுவோரைப் பாமரர் என்றார்கள்.

பேக்கருக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது? ஆல்ஃபிரட் மன்னர் பெயரில் வழங்கும் ஒன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பிலேயே ‘லெஸ்’ஸின் பழைய வடிவம் எண்ணக்கூடிய பொருளோடு சேர்ந்து வருகிறது. விதி தோன்றுவதற்கு ஏறத்தாழ 900 ஆண்டு முன்பே மீறல் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? விதியைப் போற்றுபவர்களே பத்து மைலுக்குக் குறைவு, ஐந்து ஆண்டுக்குக் குறைவு என்று சொல்லும்போது ‘லெஸ்’தான் போடுகிறார்கள். மைலும் ஆண்டும் எண்ணக்கூடியவை இல்லையா? கேட்டால் விதிவிலக்கு என்பார்கள்.

இங்கிலாந்தில் 2008இல் நடந்ததைக் கேளுங்கள். டெஸ்கோ கடைகளில் பத்துப் பொருளுக்குள் வாங்குவோருக்குத் தனி வரிசை உண்டு. அங்கே தொங்கிய பலகையில் ‘லெஸ்’ என்றிருந்தது. ‘ஃப்யூவர்’ அல்லவா வேண்டும் என்று நெடுநாள் முணுமுணுப்பு. கடைசியில் கடைக்காரர்கள் இரண்டையும் தூக்கிவிட்டு, பத்துப் பொருள் வரை என்று பொருள்படும்படி ‘அப் டு’ போட்டுத் தப்பித்தார்கள். அந்தப் பழைய பலகையைப் படித்துவிட்டு, நமக்கு இந்த வரிசையா அந்த வரிசையா என்று குழம்பி நின்ற வாடிக்கையாளர் ஒருவராவது இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

‘ஷேல்’–‘வில்’ கதை இதைவிட வேடிக்கை. முடிவிலிக்கு நாம் போடும் சாய்ந்த எட்டுக் குறியைக் கணிதத்துக்குக் கொடுத்தவர் ஜான் வாலிஸ். அவர் 1653இல் வெளிநாட்டாருக்காக லத்தீன் மொழியில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். தன்மையில் ‘ஷேல்’ வந்தால் வெறும் எதிர்காலம், ‘வில்’ வந்தால் உறுதிமொழி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது அப்படியே தலைகீழ். கணித மேதைக்குப் பிடித்த சமச்சீர். பேசுகிற மக்கள் அவ்வளவு சமச்சீராக என்றைக்கும் பேசியதில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா எங்கும் இந்த விதி வேர்விடவில்லை. அதை மறைக்க ஒரு நகைச்சுவை உண்டாக்கினார்கள். ஆற்றில் விழுந்த அயர்லாந்துக்காரர் ‘ஷேல்’ போட வேண்டிய இடத்தில் ‘வில்’ போட்டும், ‘வில்’ போட வேண்டிய இடத்தில் ‘ஷேல்’ போட்டும் கத்தினாராம். மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது என்று அவர் அடம்பிடிப்பதாகக் கரையில் நின்ற ஆங்கிலேயர்கள் பொருள் கொண்டு, அவர் விருப்பத்துக்கு மதிப்பளித்துப் போய்விட்டார்களாம். அயர்லாந்துக்காரரைக் கேலி செய்யப் புனைந்த கதையில் முட்டாள்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டுக்கு இந்த விதி கப்பலேறி வந்து ரென் அண்ட் மார்ட்டின் வழியாக வீட்டுக்கு வீடு நுழைந்தது. 1930களில் வந்த அந்தப் புத்தகத்தை இன்றும் வேதம்போல் வைத்திருக்கிறோம். ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகள் மறந்த விதியை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்.

“பேச்சில் எப்படியும் போகட்டும், சட்டத்தில் ஒரு சொல் பிசகினால் குடி முழுகிவிடும் அல்லவா?” என்று ஒரு தரப்பு கேட்கும். நல்ல கேள்வி. சட்டத்திலிருந்தே பதில் சொல்கிறேன். அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை விஷயங்களில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 320ஆம் உறுப்பு. அங்கே இருக்கும் சொல் ‘ஷேல்’. அட்டவணைப்படி அது கட்டளை, மறுபேச்சில்லை. ஆனால் உத்தரப் பிரதேச அரசு தொடர்பான ஒரு வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ‘ஷேல்’ என்று இருப்பதாலேயே அது கட்டாயம் ஆகிவிடாது. விதியின் நோக்கத்தையும் அது நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கமிஷனைக் கேட்காமல் விட்டதால் அரசின் நடவடிக்கை செல்லாமல் போகாது என்றது. இதே போல் ‘மே’ என்றிருக்கும் இடங்களைக் கட்டாயம் என்று படித்த தீர்ப்புகளும் உண்டு. நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தக் கமிஷன்களின் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோ விடிய விடிய ‘ஷேல்’ என்றால் இது, ‘வில்’ என்றால் அது என்று உருப்போடுகிறார்கள்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் பாரபட்சமற்ற, ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்றால் ஆர்வமற்ற என்பது அட்டவணை. பதினேழாம் நூற்றாண்டில் முன்னதற்கு ஆர்வமற்ற என்ற பொருளும், பின்னதற்குப் பாரபட்சமற்ற என்ற பொருளும் இருந்தன. இரண்டும் பின்னர்தான் இடம் மாறி உட்கார்ந்தன. ‘தட்’–‘விச்’ பிரிவினையை 1926இல் பரிந்துரைத்த ஃபௌலர், நல்ல எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். இப்படிப் பிரித்தால் நன்றாக இருக்குமே என்பது அவர் ஆசை. ஆசைப்பட அவருக்கு உரிமை உண்டு. மதிப்பெண் குறைக்க நமக்கு ஏது?

அப்படியானால் எல்லாச் சொல்லும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. நெருங்கிய சொற்களுக்கிடையே வேறுபாடு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது குடியிருக்கும் வீடு வேறு.

எந்த டீக்கடையிலும் போய் நில்லுங்கள். “அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ, சர்க்கரை கம்மி” என்று ஒருவர் கேட்பார். மாஸ்டரும் டிகாஷனைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு ஆற்றிக் கொடுப்பார். அதே ஆள் வெளியே நிற்கும் பைக்கைக் காட்டி, “இன்ஜின் செம பவர்ஃபுல்” என்பார். அவர் ஒருநாளும் பவர்ஃபுல்லாக ஒரு டீ கேட்க மாட்டார். அகராதியைத் திறந்தால் ‘ஸ்ட்ராங்’குக்கும் வலிமை, ‘பவர்ஃபுல்’லுக்கும் வலிமை. வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு டீக்கு எது, இன்ஜினுக்கு எது என்று கண்டுபிடிக்க எந்த மேதையாலும் முடியாது. மொழியியலாளர் ஹாலிடே 1966இல் இதே தேநீரையும் காரையும் உதாரணமாக வைத்துத்தான் சொற்சேர்க்கை பற்றி எழுதினார். வாதம் என்று வரும்போது மட்டும் இரண்டு சொல்லும் பொருந்தும் என்பதையும் அவர் கவனித்தார். டீக்கடைக்காரர் ஹாலிடேயைப் படித்ததில்லை. சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பதைக் காதால் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

“வண்டி ஸ்டார்ட் ஆகல” என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோம். பிகின் ஆகல என்று ஒரு மெக்கானிக்கும் சொல்வதில்லை. அட்டவணையில் ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ இரண்டும் தொடங்கு, ‘கமென்ஸ்’ கொஞ்சம் மரியாதையான தொடங்கு என்று முடிந்துவிடும். இன்ஜினுக்கு ‘ஸ்டார்ட்’ மட்டும்தான் ஒட்டும் என்ற செய்தி அதில் கிடையாது. மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என்பதும் கிடையாது. ராஜகுடும்பம் ‘ராயல்’தான், ‘கிங்லி’ ஆகாது என்பதும் கிடையாது.

இன்னும் ஒளிந்து கிடக்கும் வேறுபாடு ஒன்று. ‘காஸ்’ என்ற வினைச்சொல்லுக்கு உண்டாக்கு, காரணமாகு என்று பொருள் படித்திருப்போம். மைக்கேல் ஸ்டப்ஸ் என்ற மொழியியலாளர் பெரும் உரைத்தொகுப்புகளில் அந்தச் சொல் எதோடெல்லாம் வருகிறது என்று தேடி 1995இல் எழுதினார். கூட வந்தவை பெரும்பாலும் சேதம், சிக்கல், வலி, நோய், மரணம். கெட்டதைத்தான் அந்தச் சொல் வழக்கமாக உண்டாக்குகிறது. தன் வெற்றிக்குக் காரணமான ஆசிரியரைப் பாராட்ட நம் மாணவன் ‘காஸ்’ போட்டு ஒரு வாக்கியம் எழுதினால் இலக்கணம் சரி, அகராதிப் பொருள் சரி; ஆனால் படிக்கிற ஆங்கிலேயருக்கு அந்த வெற்றி ஏதோ விபத்துபோல் ஒலிக்கும். பாராட்டப் போன இடத்தில் பழி போட்டுவிட்டு வருவான் பிள்ளை. எந்தப் பயிற்சி மையத்தின் அட்டவணையிலும் இந்தச் செய்தியை நான் பார்த்ததில்லை.

நெருங்கிய சொற்களை எப்படி ஒப்பிட வேண்டும் என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த பாடம் ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் ஜே.எல். ஆஸ்டின், மனிதர்கள் சாக்குச் சொல்வதைப் பற்றி 1956இல் ஆற்றிய உரையின் அடிக்குறிப்பு அது. ‘பை மிஸ்டேக்’, ‘பை ஆக்ஸிடென்ட்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வரையறை எதுவும் சொல்லவில்லை. இரண்டு கழுதைகளைக் கொண்டுவந்தார். உன் கழுதையும் என் கழுதையும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன. என் கழுதை எனக்குப் பிடிக்காமல் போகிறது. சுட்டுவிடலாம் என்று குறிபார்த்துச் சுடுகிறேன், விழுகிறது, கிட்டப் போய்ப் பார்த்தால் அடக் கடவுளே, அது உன் கழுதை. அதைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்கிறேன். நான் என்ன சொல்வேன்? இப்போது மாற்றிப் பாருங்கள். என் கழுதையைத்தான் குறிபார்க்கிறேன். சுடுகிற நேரத்தில் மந்தை நகர்ந்துவிட, குண்டு உன் கழுதையின் மேல் பாய்கிறது. மறுபடி உன் வாசல். இப்போது என்ன சொல்வேன்?

விடையை அவர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. முதல் கழுதை ஆள் மாறாட்டத்தில் செத்தது, இரண்டாவது குறிதவறிச் செத்தது. வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். வேர்ச்சொல் ஆராயவில்லை, விதி சொல்லவில்லை. எந்தச் சூழலில் எதைச் சொல்வோம் என்று மட்டும் கேட்டார். அட்டவணை எழுதுபவர், ‘மிஸ்டேக்’ என்றால் தவறு, ‘ஆக்ஸிடென்ட்’ என்றால் விபத்து என்று முடித்திருப்பார். நம் ஊர் வழக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கைபட்டுப் போன போன் காலுக்குக்கூட “பை மிஸ்டேக்ல வந்துடுச்சு சார்” என்கிறோம். ‘ஆக்ஸிடென்ட்’ நம்மிடம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சொந்தமாகிவிட்டது. போன் காலுக்கு அதைப் போட்டால் கேட்பவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடுவார். அதுவும் வழக்கு தந்த வேறுபாடுதான்.

வரையறைக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ‘மர்டர்’ என்பதும் ‘கல்பபிள் ஹோமிசைட்’ என்பதும் வேறு வேறு. இந்திய தண்டனைச் சட்டம் 299, 300 பிரிவுகளில் இரண்டையும் தனித்தனியே வரையறுத்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 100, 101 பிரிவுகளில் வரையறுக்கிறது. இயற்பியலில் ‘ஸ்பீட்’ வேறு, ‘வெலாசிட்டி’ வேறு. இந்தச் சொற்களுக்கு எல்லை வகுக்கும் அதிகாரம் ஒரு சட்டமன்றத்துக்கோ ஒரு துறைக்கோ இருக்கிறது. அவர்கள் வகுத்தார்கள், நாம் கட்டுப்படுகிறோம். பொது ஆங்கிலத்துக்கு அப்படி ஓர் அதிகார பீடம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1635இல் அகாடமி வைத்தார்கள். அதுபோல் ஒன்று நமக்கும் வேண்டும் என்று 1712இல் ஜோனதன் ஸ்விஃப்ட் மனுப் போட்டார், நடக்கவில்லை. மொழியை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம் என்ற நினைப்போடு அகராதி வேலையைத் தொடங்கிய ஜான்சன்கூட, 1755இல் நூலை வெளியிடும்போது அது ஆகாத காரியம் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். பீடமே இல்லாத ஊரில் எல்லைக்கல் நட்டவர்கள்தான் பேக்கரும் வாலிஸும்.

“விதி இல்லாவிட்டால் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள்?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்களுடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் விதி சொல்வது எளிது, வழக்கைச் சொல்வது கடினம். ஆனால் இந்தச் சங்கடத்துக்குத் தீர்வு கண்டு பல காலம் ஆகிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, தம் மாணவர்களுக்கு வெறும் பொருள் சொன்னால் போதவில்லை என்று கண்டு, ஒரு சொல் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் காட்டும் அகராதியை 1942இல் தோக்கியோவில் வெளியிட்டார். இன்று ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் மாணவர் அகராதியின் மூலம் அதுதான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி ஒருபடி மேலே போயிற்று. கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்து, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் முழு வாக்கியமாகவே விளக்கியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காகத்தான் இரண்டும் எழுதப்பட்டன. நமக்காக எழுதியதை ஒதுக்கிவிட்டு, 1653இலும் 1770இலும் எழுதியவற்றை நாம் நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘லெஸ்’ எழுதிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கும் முன், அந்த வாக்கியத்தை வேறு விதமாகப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். ‘ஷேல்’–‘வில்’ கேள்வியை அடியோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மழைக்கு எந்தச் சொல், காற்றுக்கு எந்தச் சொல் என்று கேளுங்கள். மாணவர்களே, பக்கத்துக்கு இருபது சொல் என்று வித்தியாசம் அடுக்கிய கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைந்த நல்ல மாணவர் அகராதி ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிவிடலாம். வாங்கிய பிறகு பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் வாக்கியங்களைப் படியுங்கள்.